சொறிநாய் என்று ஒரு ஜாதி இல்லை

தமிழில் ஒரு மனிதனை இழிவுபடுத்த வேண்டுமானால் 'நாயே' என்று சொன்னால் போதும். அதிலும் திருப்தி ஏற்படாதபோது நம்மவர்கள் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 'சொறிநாயே!' இதற்கு மேல் வசை இல்லை என்பது நம்முடைய அபிப்பிராயம். நம் கதைகளிலும் நாடகங்களிலும் சினிமாவிலும் இந்த வார்த்தை தாராளமாகப் புழங்குகிறது. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இதில் ஒரு சந்தேகமும் எழுவதில்லை. ராஜபாளையம் என்று ஒரு ஜாதி, சிப்பிப்பாறை என்று ஒரு ஜாதி, அல்சேஷன் என்று ஒரு ஜாதி. அதைப் போலவே சொறிநாய் என்றும் ஒரு ஜாதி பிறவியிலேயே உண்டு என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அப்படி ஒரு ஜாதி இல்லை. சொறி பிடித்த நாய்தான் உண்டு. டைபாயிடு கண்டு படுத்திருப்பவனை நாம் 'டைபாயிடு மனிதன்' என்று ஒரு தனி இனமாக்கிவிடுவதில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்கிறோம், என்ன காய்ச்சல் என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், மருந்து கொடுக்கிறோம், அவன் எழுந்து ஆபீசுக்குப் போகிறான். நாய் விஷயத்தில் மட்டும் நோயையே அதன் ஜாதியாக எழுதி வைத்துவிட்டு, ஜாதிக்கு ஏது வைத்தியம் என்று கையை விரித்துவிடுகிறோம்.

'நாட்டில் எழுதுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். பைரவர் சந்நிதியில் அவர் அருகே நிற்கிற கல் நாய்க்குப் பூமாலை போட்டுவிட்டு, கோயில் வாசலில் சொறிந்துகொண்டு நிற்கிற ரத்தமும் சதையுமான நாயை அதே கையால் கல்லெடுத்து அடிக்கிற ஊரில் இது எழுத வேண்டிய விஷயம்தான். கல்லால் அடிக்கிறவர்களோடு எனக்கு அவ்வளவு வழக்கில்லை. அவர்கள் நாயிடம் அன்பு இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. என் வழக்கெல்லாம் நாயை வீட்டில் வைத்து, அதற்குப் பெயரிட்டு, குழந்தை என்று கொஞ்சி, மாதம் தவறாமல் ஊசியும் போட்டுக்கொண்டு, அதற்கு என்ன வியாதி என்று மட்டும் ஒரு நாளும் கேட்காமல் இருக்கிறார்களே, அந்தப் படித்தவர்களோடுதான். அவர்களுக்கு ஊசி போட்டு அனுப்புகிற வைத்தியர்களோடும்தான்.

ஒரு நாய் ஓயாமல் சொறிகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சொறிதல் ஒரு வியாதி அல்ல, வியாதியின் குரல். காய்ச்சல் எப்படியோ அப்படி. அந்தக் குரலுக்குப் பின்னால் நிற்பவன் யார் என்பது வெவ்வேறு. ஆனால் அவன் ஒளிந்து நிற்பதில்லை. கண்ணிருந்து பார்ப்பவருக்கு அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகிறான். காதின் ஓரத்திலும் முழங்கையிலும் ரோமம் உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குத் தட்டி, இரவெல்லாம் தூங்க விடாத அரிப்பாக இருந்தால், தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிற சொறிப் பூச்சியின் மேல்தான் முதல் சந்தேகம். காதின் விளிம்பை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றைச் சொறியும். வாலடியிலும் இடுப்பிலும் ரோமம் போயிருந்தால் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும். உடம்பில் ஒரு பூச்சியைக்கூட நாம் காணாமல் போகலாம். பாதத்தை நக்கி நக்கி ரோமத்தின் நிறமே செம்பட்டையாகி, அக்குளும் வயிறும் சிவந்து, அடிக்கடி காதில் சீழ் வைத்தால் ஒவ்வாமையாக இருக்கும். அது தூசியால் வந்ததா, மகரந்தத்தால் வந்ததா, தட்டில் போடுகிற சோற்றால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. வட்ட வட்டமாக உதிர்ந்தால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். புளித்த வாடை அடித்துப் பிசுபிசுத்தால் பூஞ்சை. நடுவயதில், அரிப்பே இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோமம் மெலிந்தால் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை பேரில் எவன் என்று தெரியாமல் ஒருவர் மருந்து கொடுக்கிறார் என்றால் அவர் வைத்தியம் செய்யவில்லை. இருட்டில் கல் எறிகிறார்.

எங்கள் தெருவில், எதிர் வீட்டில், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பேத்தி மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்து ராஜு என்று பெயர் வைத்தாள். ஐந்தாவது மாதத்தில் அதன் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் காசளவு காசளவாக ரோமம் உதிர்ந்தது. பெரியவர் அதைப் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

"என்ன நோய், டாக்டர்?" என்று கேட்டேன்.

"அலர்ஜி."

"எதனால் அலர்ஜி?"

"நாய்க்கெல்லாம் அலர்ஜிதான் சார். ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்."

ஊசி போட்டார். மூன்று வாரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது தடவை, "தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கூடாதா?" என்று நான் கேட்டபோது, "நீங்கள் கதை எழுதுகிறவர்தானே?" என்று அவர் சிரித்தார். சிரிப்பில் பொதிந்திருந்த அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவன்கூட ஒரு பாத்திரத்தைக் கொல்வதற்கு முன்னால் அவனுக்கு என்ன வியாதி என்று தீர்மானித்துக்கொண்டுதான் கொல்கிறான்.

நான்காம் மாதம் ராஜுவின் உடம்பு முழுவதும் வீங்கிச் சிவந்து சீழ் வடிந்தது. பேத்தி அழுதாள். தெருச் சங்கத்தில் பேச்சு எழுந்தது. 'பிள்ளைகள் விளையாடுகிற இடம்; சொறிநாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள்' என்று பெரியவரிடம் மரியாதையாகச் சொன்னார்கள். பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பது?" என்றார். மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனோம். இளம் பெண். அவர் முதலில் செய்த காரியம், ஒரு பிளேடால் தோலை லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததுதான். ஐந்து நிமிஷ வேலை. "வந்து பாருங்கள்" என்று எங்களைக் கூப்பிட்டார். சுருட்டைப் போல நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட பூச்சிகள் அங்கே கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ் என்று பெயர் சொன்னார்.

இந்தப் பூச்சியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது இது. பெரும்பாலான நாய்களின் ரோமக் கால்களில் சிறிய எண்ணிக்கையில் சாதுவாகக் குடியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டி வைத்திருக்கும் வரை தொல்லை இல்லை. கட்டு தளர்ந்தால் பெருகும். போட்ட ஊசி என்ன? கார்ட்டிசோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு. அதன் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. அதாவது, திருடன் புகுந்த வீட்டில் காவல்காரனைக் கட்டிப் போட்டார்கள். மூன்று தடவை, காசு வாங்கிக்கொண்டு கட்டிப் போட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. டெமோடெக்ஸ் மற்ற நாய்க்கும் மனிதருக்கும் தொற்றுவதில்லை. தெருச் சங்கம் பிள்ளைகளுக்காகப் பயந்தது வீண் பயம். ஆனால் அதே நாய்க்கு மற்றச் சொறிப் பூச்சியோ படர்தாமரையோ இருந்திருந்தால் அந்தப் பயம் நியாயம்தான். சொறிப் பூச்சி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாவிட்டாலும் சில நாள் அரிப்புக் கொடுக்கும். வீட்டிலுள்ள மற்ற நாய்களையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே சொறியாத நாய்க்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். படர்தாமரை குழந்தைகளுக்கு நன்றாகவே ஒட்டும். இது எனக்குப் பிடித்த கட்சி என்பதற்காகச் சொல்லவில்லை: நோயின் பெயர் நாயை நேசிக்கிறவனைவிட நாய்க்குப் பயப்படுகிறவனுக்குத்தான் அவசரமாகத் தேவை. ஆனால் அவன் பெயர் கேட்கவில்லை. 'சொறிநாய்' என்று அவனே ஒரு பெயர் வைத்துவிட்டான்.

கார்ட்டிசோனை நான் வில்லனாக்கவில்லை. அதைக் கண்டறிந்து பயன்படுத்திய மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், தகும். ஒவ்வாமையால் ரணமாகித் துடிக்கிற நாய்க்கு, நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, அளவோடு சில நாள் கொடுத்தால் அது அமிர்தம். எதென்று தெரியாமல் மாதா மாதம் கொடுத்தால், நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, வீடெல்லாம் சிறுநீர் கழித்து, வயிறு தொங்கி, தோல் காகிதமாகி, வேறொரு வியாதிக்காரனாக மாறும். அரிப்பை மட்டும் அடக்குகிற புது மாத்திரைகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே நியாயம்தான். பெயர் கேட்காமல் வாயை மட்டும் கட்டினால், கட்டுகிற துணி பருத்தியா பட்டா என்பதில் என்ன இருக்கிறது?

கண்ணால் பார்க்க மறுப்பது வைத்திய உலகத்துக்குப் புதிதல்ல. மனிதனுடைய சொறிக்குக் காரணம் ஒரு பூச்சி என்று 1687இலேயே இத்தாலியில் பொனோமோ என்ற வைத்தியர், சேஸ்டோனி என்ற மருந்துக் கடைக்காரரோடு சேர்ந்து பார்த்து, படம் வரைந்து, ரெடி என்ற விஞ்ஞானிக்குக் கடிதமாக எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. ரத்தம் கெட்டுப் போவதால் சொறி வருகிறது என்பது அன்றைய பண்டிதர்களின் கட்சி. 1812இல் பாரிஸில் காலே என்பவர் பூச்சியைக் கண்டுவிட்டதாகப் படம் போட்டுக் காட்டினார். பிற்பாடு பார்த்தால் அது பாலாடைக் கட்டியில் இருக்கிற பூச்சி! கடைசியில் 1834இல், கோர்சிகாத் தீவிலிருந்து பாரிஸுக்குப் படிக்க வந்த ரெனுச்சி என்ற மாணவன், எல்லோருக்கும் முன்னால் ஒரு நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டினான். அந்த வித்தையை அவன் கற்றது எந்தக் கல்லூரியிலும் அல்ல. அவன் ஊர்ப் பெண்கள் அப்படி எடுப்பதைப் பார்த்திருந்தான். 147 வருஷம் பண்டிதர்கள் பார்க்க மறுத்ததைப் பட்டிக்காட்டுப் பெண்கள் ஊசியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றும் நம் ஊரில் நாய்க்குச் சொறி வந்தால், 'உடம்புச் சூடு', 'ரத்தம் கெட்டுப் போச்சு' என்கிறார்கள். 1687க்கு முந்திய ஐரோப்பா நம் தெருமுனையில் உயிரோடு இருக்கிறது.

சூடு என்று முடிவானதும் அடுத்தது கை வைத்தியம். கை வைத்தியம் எல்லாமே மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கந்தகத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்கிற கரைசல் இன்றும் கால்நடை வைத்தியத்தில் உள்ள மருந்துதான். ஆனால் நம்மவர்கள் நாயின் மேல் ஊற்றுவது என்ன? மெக்கானிக் கடையில் வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயில். மண்ணெண்ணெய். தரை கழுவுகிற பினாயில். நாய் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி என்பது இவர்களுக்குத் தெரியாதா? தோலில் பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. குடலும் ஈரலும் புண்ணாகி நாய் சுருண்டு விழுந்தால், 'சொறி முற்றிச் செத்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். கொன்றது ஆயில், பழி பூச்சியின் மேல்.

மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினை மருந்துக் கடையில் வாங்கித் தாமே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மகத்தான மருந்து. அதைத் தந்த ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கோலி போன்ற ஆட்டுக்காவல் இனங்களில் பல நாய்களுக்கு, அந்த மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கும் அமைப்பு பிறவியிலேயே பழுது. அவற்றுக்கு அந்த அளவில் கொடுத்தால் தள்ளாடும், கண் தெரியாமல் போகும், சாகவும் கூடும். இதே பூச்சிகளுக்குச் சமீப வருஷங்களில் வந்திருக்கிற மெல்லும் மாத்திரைகள் பெரிய வரப்பிரசாதம். அவற்றையும் வலிப்பு வருகிற நாய்க்கு யோசித்துத்தான் தர வேண்டும். மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு, எதற்கு என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

'எல்லாம் சரி, எத்தனை நாள்தான் செலவு செய்வது?' என்ற கேள்விக்கு வருகிறேன். இது நியாயமான கேள்வி; நடுத்தரக் குடும்பத்தின் கேள்வி. ராஜுவுக்கு நான்கு மாதம் பிடித்தது. ரோமம் முளைத்ததும் பெரியவர் மருந்தை நிறுத்தலாமா என்றார். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லை என்ற பிறகுதான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். ஊசி போட்டு வீணாக்கிய மாதங்களையும் காசையும் கணக்குப் பார்த்தால், சிக்கனம் எது என்று போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிந்தது.

எல்லா நோயும் இப்படி முடிந்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூட வருகிற சங்கதி. சோற்றால் வருகிறதா என்று அறிய, நாய் இதுவரை தின்றிராத ஒரே வகை மாமிசமும் ஒரே வகை மாவுப் பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிஸ்கட் கூடாது. ஒரு கரண்டி தயிர்சாதம் கூடாது. இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் தோற்கின்றன. டாக்டர் சொன்னதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டிருப்பார்கள். ஏழாவது வாரம் பாட்டி, 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று பால் ஊற்றி வைப்பாள். அத்தனையும் முதலிலிருந்து! தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான். முட்டை பாயிலும் தரை வெடிப்பிலும் உதிர்ந்து கிடக்கிறது. கூட்டுப்புழு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு வீட்டைக் கூட்டித் துடைத்து, படுக்கையைக் கொதிநீரில் போடாவிட்டால் பூச்சி திரும்பத்தான் செய்யும். திரும்பியதும், 'இது தீராத சொறி' என்று நாயின் ஜாதகத்தைக் குறை சொல்வோம். தீராதது பல வீடுகளில் நோய் அல்ல, நம் அவசரம்.

சர்க்கரை வியாதிக்காரர் தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிறார். 'இன்னுமா குணமாகவில்லை? கொண்டுபோய் விட்டுவிடலாம்' என்று அவரை யாரும் சொல்வதில்லை. நாயைச் சொல்கிறோம், சொல்லிவிட்டுச் செய்தும் விடுகிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில், கழுத்துப் பட்டையின் தழும்பு மறையாமல், ரோமம் உதிர்ந்து நிற்கிற நாய்களை நீங்கள் பார்த்ததில்லையா? அவை சொறிநாய்களாகப் பிறந்தவை அல்ல. பணம் கொடுத்து வாங்கப்பட்டவை. பனிப் பிரதேசத்துக்காக இரட்டை ரோமத்தோடு உருவான இனத்தையும், முகத்தின் மடிப்புகளில் ஈரம் தேங்கிப் புண்ணாகிற இனத்தையும் சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்தஸ்துக்காக வாங்கி வந்து, தோல் கெட்டதும் இறக்கிவிட்டுப் போகிறார்கள். 2005இல் தபால் தலையில் இடம் பெற்ற நம் ராஜபாளையத்துக்கும் பூச்சி வரும். ஒட்டிய ரோமம் இருப்பதால் நோயே அணுகாது என்று நான் புளுக மாட்டேன். ஆனால் வெயிலோடு சண்டையாவது அதற்கு இல்லை.

பட்டினியும் தாகமும் நேரக்கூடிய நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். ஒரு ஜீவனை நடுரோட்டில் இறக்கிவிடுவதற்கு நாம் வைத்திருக்கிற விலை இது. இந்த அபராதத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பெயர் என்ன? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இந்த ஊசிக்குள் இருப்பது என்ன? பதில் சொல்கிறவர் டாக்டர். அவரிடம் பொறுமையாக வைத்தியம் செய்துகொள்ளுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பணம் இல்லையென்றால் அரசாங்க மாட்டாஸ்பத்திரி இருக்கிறது; சென்னைக்காரர்களுக்கு 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் வேப்பேரியில் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நமக்காக நாம் நிற்காத வரிசையா?

அந்த வார்த்தையையும் விட்டுவிடுங்கள். ஒரு மனிதனைத் திட்டத்தான் வேண்டுமென்றால் அவன் செய்த காரியத்தைச் சொல்லித் திட்டுங்கள். தமிழில் அதற்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. நான்கு மாத மருந்தில் தீர்ந்து போகிற ஒரு நோயை ஒரு பிராணியின் நிரந்தரப் பெயராக்க வேண்டாம். அந்தப் பெயரை நாம் வைத்திருக்கும் வரை, அதற்கு வேறு பெயர் உண்டா என்று கேட்க நமக்குத் தோன்றாது.